அபிதகுஜாம்பாள் வீட்டோரத்து எரிவாயுத் தொட்டி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா ஜெயகிருஷ்ணன் அவர்களே, பம்மலின் பெரியோர்களே, சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, அஸ்தினாபுரத்து ஜோசலினின் அன்பு வணக்கம்.

காய்கறிக் கழிவையும் மிஞ்சிய சோற்றையும் காற்றுப் புகாத தொட்டியில் இட்டால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தரும். எஞ்சும் கரைசல் செடிக்கு உரமாகும். இதைச் சொல்லவா வந்தேன்? இல்லை. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

தெருமுனைக் காலிமனையில் குப்பை குவியும், குவிந்தது எரியும், எரிந்த புகை பக்கத்து வீட்டுக்குள் புகும். அங்கே இருப்பவர் தோத்தாத்ரி சார், மூச்சிரைப்புக்காரர். அந்த மனையில் தொட்டி கட்டப் போனபோது, முதலில் மறித்தவர் அவர் மனைவி அபிதகுஜாம்பாள்.

"புகையே போறும்மா. நாத்தம் வேறயா?" என்றார். கெஞ்சிக் கூத்தாடித்தான் கட்டினோம்.

தொட்டி நன்றாகவே நடந்தது. அதன் வாயுவில் பக்கத்து அங்கன்வாடி அடுப்பு நீலமாய் எரிந்தது. பிறகு ஒரு கல்யாண வீட்டார், மிஞ்சிய பாயசம், கேசரி, சோறு அத்தனையையும் ஒரேயடியாக அதில் கொட்டிவிட்டார்கள். தொட்டி புளித்தது. வாயு நின்றது. தெருவே மூக்கைப் பொத்தியது.

கூட்டம் கூடியது. தொட்டி அமைத்த பொறியாளர் ஆரோன், "கொஞ்ச நாள் ஒண்ணும் போடாதீங்க சார். சாணி கரைச்சு ஊத்தினா தேறிடும்" என்றார். யார் கேட்டார்கள்? மூடு, மூடு என்பதே பேச்சு.

அபிதகுஜாம்பாள் எழுந்தார். நாற்றம் முதலில் நுழைவது அவர் வீட்டில். அவரும் மூடச் சொன்னால் மறுபேச்சு ஏது?

"மூடிட்டா குப்பை எங்க போகும்?" என்றார். "மறுபடி கொளுத்துவீங்க. நாத்தத்தை நான் பொறுத்துப்பேன். புகையை இவரால தாங்க முடியாது. தொட்டி இருக்கட்டும்."

பின்வரிசை அண்ணா, "தேறிச்சா இல்லியா?" என்கிறார். ஆரோன் சொன்னபடியே செய்தோம், தேறியது, அண்ணா. நாற்றம் அடங்கியது, ஒரு காலை அங்கன்வாடியில் சுண்டல் வெந்தது. அபிதகுஜாம்பாளிடம் செய்தி சொல்ல ஓடினேன். அந்த அம்மா காபி கொடுத்தார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நேத்து இவர் நன்னாத் தூங்கினார்" என்றார். அவ்வளவுதான்.

பம்மல் மக்களே, குப்பை எல்லார் வீட்டிலும் பிறக்கிறது. அதன் புகை மட்டும் ஏன் ஒரு வீட்டுக்குள் போகவேண்டும்? தொட்டி கட்டுங்கள். கட்டும் முன், அது எந்த வீட்டோரம் வருகிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் கோபத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுங்கள்.

பொறுமையோடு செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.