என் இடத்துக்கு ஒரு ஆள்

அட, செமிஃபைனல்ல ஜெயிச்சதுக்கெல்லாம் மன்னிப்பு கேப்பாங்களா தம்பி? எல்லாப் பந்தையும் என் பக்கமே போட்டீங்க. நானா இருந்தாலும் அங்கதான் போட்டிருப்பேன். வீல்சேர் வண்டிய இப்படி ஓரமா விடுங்க. பஞ்சரா? மெக்கானிக் டீ குடிக்கப் போயிருக்காரு, போனா போனதுதான்.

மாப்ள குளிக்கறாரு. ஆமா, என்கூட ஆடுறவர்தான், என் தங்கச்சி வீட்டுக்காரர். ஆஸ்பத்திரில எனக்கு அடுத்த கட்டில். என்னப் பாக்க வந்த தங்கச்சி அவரப் பாத்துட்டுப் போயிட்டா. நான் ரொம்ப நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் ரெண்டு பேரும் டென்னிஸ் ராக்கெட்டப் புடிச்சோம், கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

அவரோட டபுள்ஸ் ஆடுறதுல ஒரே தொல்லை, பந்து நடுவுல வந்தா வாயத் தொறக்கமாட்டாரு. அவரு பாட்டுக்கு வந்துருவாரு, வண்டியும் வண்டியும் முட்டிக்கும். நீங்கதான் ஒதுங்கிக் குடுக்கணும். பந்து ரெண்டு தரம் குதிக்கலாம்னு நமக்குச் சட்டம் இருக்குல்ல, அத முழுசா அனுபவிப்பாரு. பதறிடாதீங்க, எடுத்துருவாரு. தோத்தா கொஞ்ச நேரம் உம்முன்னு இருப்பாரு. பேச்சுக் குடுக்காதீங்க.

இதையெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, உங்க கூட ஆடுறவரு இந்த வருஷத்தோட ஆட்டத்த விடுறாராமே. அடுத்த வருஷம் எங்க மாப்ளயச் சேத்துக்கங்க.

எனக்கு என்னவா? இந்த வெரலப் பாருங்க. இவ்வளவுதான் மடங்கும். தண்டுவடத்துல பட்ட பழைய அடி, நாலஞ்சு மாசமா மேல ஏறிட்டு வருது. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. இன்னிக்கு ராக்கெட் நழுவுச்சே, வேர்வைன்னு சொல்லித் துண்ட எடுத்தேன். கையோட ராக்கெட்டக் கட்டிக்கிட்டு ஆடுற பிரிவுக்குப் போலாம்தான். கை நல்லா இருக்கற மாப்ள அங்க வரமுடியாது. நானும் எத்தனை நாளைக்கு?

அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மச்சான் இல்லாம எனக்கென்ன ஆட்டம்னு அவரும் மூட்டையக் கட்டிருவாரு. பயமா இருக்கு தம்பி. நான் முடிஞ்சுட்டேன், சரி, அவரு ஏன் வீட்ல மொடங்கணும்? நீங்களா கேக்கற மாதிரி கேளுங்க. நான் சொன்னேன்னு மூச்சு விட்றாதீங்க. மொதல்ல முடியாதும்பாரு, விடாம கேளுங்க.

ஏன் கீழயே பாக்கறீங்க? வேற ஆள் பாத்துட்டீங்களா? யாரு?

மாப்ளயா.

அவரே கேட்டாரா. நீங்களும் சரின்னுட்டீங்க. நல்லது தம்பி, நல்லதுதான். நான்தான் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டேன்.

எப்பக் கேட்டாரு?

போன வருஷமா? நாங்க கோப்பை வாங்குனோமே, அந்தப் போட்டிலயா?

இல்ல, ஒண்ணுமில்ல. அப்ப என் கை நல்லாத்தானே தம்பி இருந்துச்சு.