தோள்ல ரெண்டு தட்டு

இந்தப் பக்கமா வந்து உக்காருங்க சார், இடது காது சுத்தமாக் கேக்காது. ஆமா, துப்பாக்கி சத்தந்தான் தின்னுடுச்சு. வலது சுமாரு. சுடுற ரேஞ்சுல காதுமூடி மாட்டிட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

கைய அப்படிப் பாக்காதீங்க. கட்டவிரலும் ஆள்காட்டி விரலுந்தான் போச்சு. மிச்சம் மூணு இருக்கு, ஆனா மூணும் வேலை தெரியாததுங்க.

தோட்டா மேல தப்பான்னா, தப்புதான். உள்ள வெடிமருந்து இல்ல. டமார்னு வெடிக்க வேண்டியது புஸ்ஸுனு போயிடும். குண்டு வெளிய வராம குழல்ல பாதி வழியிலயே உக்காந்துக்கும். அப்போ என்ன பண்ணணும்? அடுத்ததச் சுடக் கூடாது. ரிவால்வர எதிர இருக்குற மண்ணு மேட்டப் பாத்தே புடிச்சிக்கிட்டு நிக்கணும், மிச்சத் தோட்டாவ எடுத்துட்டுக் குழல்ல கம்பி விட்டுப் பாக்கணும். அவ்ளோதான் சார். மருந்தில்லாத தோட்டா எப்படி விரல எடுக்கும்? எடுத்தது அதுக்கு அடுத்தது. அது நல்ல தோட்டா. அடைச்ச குழல்ல போய் முட்டுச்சு, வெடிச்சிடுச்சு.

எனக்குத் தெரியாமலா? எப்பவும் கழுதை மாதிரி உதைக்கும், அன்னிக்கு என்னமோ பூனை உரசுன மாதிரி இருந்துச்சு. சந்தேகப்பட்டு நிறுத்திட்டேனே. சத்தத்தக் கேட்டுச் சொல்லத்தானே என் தம்பி பின்னாடி நிக்கிறான்? கூட ஒரு ஆளு நின்னா இவரு சுடலாம்னு கிளப் கமிட்டியில சொன்னதே நீங்கதான். எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. தோள்ல ஒரு தட்டு விழுந்தா நிறுத்து, ரெண்டு விழுந்தா சுடு.

ரெண்டு விழுந்துச்சு.

கவனிக்கலன்னு சொன்னானா? உங்ககிட்டயும் அழுதானா? இங்கயும் அழுதான். எனக்குக் கொண்டாந்த தண்ணிய நர்ஸம்மா அவனுக்குக் குடுத்தாங்கன்னா பாத்துக்கோங்களேன். அண்ணே, தோட்டாக்காரன் ஏமாத்திட்டான்னு மட்டும் சொல்லிடு, வேற எதுவும் பேசாதேன்னான்.

அப்படிச் சொல்லிட்டா என் இடத்துல அவன் போட்டிக்குப் போவான், இல்லையா சார்? இல்லன்னா ஆளையே விலக்கிடுவீங்க. அது எனக்குத் தெரியும். இருந்தது ஒரே இடம். நாங்க ரெண்டு பேரும் மோதி, நான் ஜெயிச்சேன். மொதல்ல ஓடியாந்து கட்டிப் புடிச்சதும் அவன்தான்.

சரி, கூடப் பொறந்தவன், விட்டுடலாம்னுதான் நானும் நெனச்சேன். ராத்திரி பகலா அதையே எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். மனசு கேக்க மாட்டேங்குது.

என்னன்னா... தட்டுனதுக்கப்புறம் அவன் கைய எடுக்க மாட்டான் சார். அடுத்த குண்டு போற வரைக்கும் என் தோள் மேலதான் இருக்கும். அது ஒரு தெம்பு எனக்கு. அன்னிக்கு ரெண்டு தட்டு தட்டிட்டு எடுத்துட்டான். நான் விசைய அழுத்தும்போது தோள்ல கை இல்ல. ரத்தத்தோட திரும்பிப் பாக்குறேன், தூணுக்கு அந்தாண்ட நிக்கிறான்.

வெடிச்ச பெறகு ஓடியிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன் சார்.