இடது கால் ஷூ

விழாத் தலைவர் அவர்களே! வேலூரிலிருந்து வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே! இந்த ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் உழைக்கும் தளராத தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து என் கால்களையே முறைத்துக்கொண்டிருக்கும் மெர்சி அம்மா அவர்களே! தோல் வியாபாரி சூரியபிரகாஷின் பணிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள் ஐயா. இடது காலில் ஷூ, வலது கால் வெறுங்கால். தெரிந்துதான் வந்திருக்கிறேன்.

வாக்கை வாரி வழங்கிவிட்டு வேலையில் இறங்காதவனை ஆங்கிலத்தில், 'தொப்பி பெரிது, மாடு ஒன்றுமில்லை' என்பார்களாம். மாடு மேய்ப்பவனைப் போலத் தலையில் தொப்பி, தொழுவமோ காலி! என்னிடம் தொப்பிகூட இல்லை. வாய் இருந்தது. வாயாலேயே வடை சுட்டேன்!

மூன்று ஆண்டுகள், இதே மேடை. "என் பழைய தோல் கிடங்கு உங்கள் பிள்ளைகளுக்குக் காப்பகமாகும்! தாய் தைக்கும் நேரம் தளிர் தூங்கும் இடமாகும்!" என்று முழங்கினேன். கைதட்டினீர்களா இல்லையா? சால்வை போட்டீர்களா இல்லையா? சால்வைகள் சேர்ந்தன. கிடங்கின் பூட்டு மட்டும் அசையவில்லை.

சென்ற ஆண்டு சால்வைக்குப் பதில் ஒரு பெட்டி. திறந்தால், என் அளவுக்கே தைத்த கறுப்பு ஷூ. ஒரே ஒரு கால்! "இன்னொண்ணு எங்கம்மா?" என்றேன். தையல் பிரிவு சூப்பர்வைசர் மெர்சி மைக்கைப் பிடித்தார்.

"சாம்பிள்னா ஒத்தக் காலுதானே சார் அனுப்புவோம்? ஆர்டர் வந்தாதான் ஜோடி. நீங்களும் மூணு வருஷமா சாம்பிள்தானே காட்றீங்க?"

வீட்டில் என் மனைவி சங்கீதா அதை டிவி பக்கத்திலேயே வைத்துவிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாம், "இன்னா சார், இன்னொரு காலு எங்க?" என்கிறார்கள். மானம் போயிற்று! கிடங்கைக் கழுவினேன், வெள்ளையடித்தேன், தொட்டில் வாங்கினேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்களை அமர்த்தினேன். இரண்டு மாதமாக எல்லாம் தயார். ரிப்பன் வெட்டப் பெரிய மனிதர் ஒருவர் தேதி தர வேண்டும், அவ்வளவுதான். அநேகமாக அடுத்த மாதம்...

யாரம்மா இடுப்பில் பிள்ளையோடு எழுந்து நிற்பது? முபஷ்ஷிராவா? சொல்லம்மா.

"மாமியாருக்கு உடம்பு சரியில்ல சார், புள்ளைய பாத்துக்க ஆளில்ல. ரொம்ப பேஜாரா இருக்கு. நாளைக்கும் லீவு போட்டா வேலைய விட்டு நின்னுடுன்னு சொல்லிட்டாங்க. நீங்க ரிப்பன் வெட்ற வரைக்கும் இவன எங்க சார் விடுவேன்?"

கேட்டீர்களா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிடங்கைக் கழுவியவன், வாயைக் கழுவ மறந்துவிட்டேன்! ரிப்பனா பெரிது? இந்தத் தாயின் வேலை பெரிதில்லையா? பெரிய மனிதர் வந்தால்தான் கதவு திறக்குமா? இவள் இடுப்பில் இருப்பவன் மனிதன் இல்லையா? இதோ சாவி!

என்ன மெர்சி அம்மா?

"சாவி காட்டினா ஆச்சா சார்? கதவு தொறக்கட்டும். வலது காலு ரெடியா இருக்கு."

நியாயம். கிடங்கு இந்தப் பந்தலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முபஷ்ஷிரா, பையனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடம்மா. அவன் கையாலேயே கதவைத் தள்ளட்டும். நாளைக் காலை நீ வேலைக்குப் போ.

இன்னும் ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தலைவரே வைத்துக்கொள்ளட்டும். மூன்று ஆண்டுகள் பொறுத்துக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். மைக்கை அணைத்துவிடுங்கள். நான் இறங்குகிறேன்.