கீழ்வீட்டுச் சாட்சி

– இங்க பேரு, அதுக்குக் கீழ கையெழுத்து. அவ்ளோதான் ஆண்ட்டி.

– இரும்மா, கண்ணாடி போட்டுக்கறேன். இதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?

– எனக்குக் கன்னடம் படிக்க வராது ஆண்ட்டி.

– 'இந்த ஆளை ஒரு வருஷத்துக்கு மேல நேர்ல தெரியும்'னு இருக்கு. யாரு அந்த ஆளு?

– நான்தான். தாரணி. மேல் வீடு.

– ஓ. சேர் உருள்ற வீடு.

– ஆமா. ஆக்சுவலா மூணு வருஷமா இங்கதான் இருக்கேன்.

– படியில ஒரு நாளும் பாத்ததில்லையே.

– வீட்லருந்தே வேலை ஆண்ட்டி. சாப்பாடு, காய்கறி எல்லாம் வாசலுக்கே வந்துரும். கீழ இறங்க வேண்டிய அவசியமே வரல.

– சரி, இது போலீஸ் பேப்பராச்சே, எதுக்கு? இன்னா பண்ண?

– ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணலன்னு போலீஸ் எழுதிக் குடுத்தாதான் விசா. ஒரு தீவு நாடு. அங்க உக்காந்து இதே வேலையைப் பாக்கலாம்.

– அங்க போயி இன்னா பண்ணுவே?

– கடலைப் பாத்துக்கிட்டு லேப்டாப்ல வேலை செய்வேன்.

– இங்க?

– சுவத்தைப் பாத்துக்கிட்டு லேப்டாப்ல வேலை செய்யறேன்.

– கடலுக்காகவா இவ்ளோ பாடு?

– ஆக்சுவலா கடலுக்காக இல்ல ஆண்ட்டி. அங்க என்னை மாதிரி பத்துப் பேரு ஒரே வீட்ல தங்குவாங்களாம். ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்களாம். இங்க நேத்து நான் நேர்ல பேசின ஒரே ஆளு, ஓடிபி கேட்ட டெலிவரிக்காரரு.

– அப்பறம்?

– வெள்ளிக்கிழமைக்குள்ள சர்டிஃபிகேட் அனுப்பலன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிரும். கான்ஸ்டபிள் விசாரிக்க வந்துட்டாரு, வெளிய போன் பேசிட்டிருக்காரு. எதிர்வீட்டுக்காரரு என்னைத் தெரியவே தெரியாதுன்னுட்டாரு. பக்கத்து வீட்ல, நான் காலி பண்ணிட்டுப் போயாச்சுன்னு சொல்லிட்டாங்களாம். நீங்கதான் மிச்சம்.

– ரிச்சர்ட்ஸ் டவுன்ல இத்தனை வீடு இருந்தும் வேற ஒருத்தரும் இல்லையா? எனக்கு மட்டும் உன்னைத் தெரியும்னு எப்டி சொல்றே?

– என்ன ஆண்ட்டி, மறந்துட்டீங்களா? கிறிஸ்மஸுக்கு என் கதவுல ப்ளம் கேக் மாட்டிட்டுப் போனீங்களே. 'மேல் வீட்டு மகளுக்கு'ன்னு சீட்டுகூட வெச்சிருந்தீங்க.

– ஓ. கேக் எப்டி இருந்திச்சு?

– சூப்பர். ரெண்டு நாள் அதையேதான் சாப்ட்டேன்.

– வந்து சொல்லியிருக்கலாமே.

– சொல்லணும்னு காலண்டர்ல போட்டு வெச்சேன். ஆக்சுவலா அந்த நேரம் பாத்து ஒரு மீட்டிங் வந்துருச்சு. தள்ளி வெச்சேன்.

– எந்தத் தேதிக்கு?

– தள்ளிக்கிட்டே வந்தேன்.

– அப்பறம்?

– நான் உங்களுக்குத் தொந்தரவும் குடுத்ததில்ல. ஒரு நாள் உங்க வீட்ல ஒரே கூட்டம், காலையிலருந்து பாட்டு. எனக்கு க்ளையன்ட் கால் வேற. கம்ப்ளெயின்ட் பண்ணேனா? ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

– பாட்டு மேல வரைக்கும் கேட்டுச்சா?

– நல்லாவே பாடினாங்க ஆண்ட்டி.

– ஏன்ம்மா, ஆயித்தா, முடிஞ்சுதா? இன்னும் ரெண்டு வீடு பாக்கணும் நான்.

– வாங்க சார். ஆண்ட்டி, இவருதான் கான்ஸ்டபிள் வெங்கடசாமி சார். ஆண்ட்டி இப்ப கையெழுத்துப் போட்டுருவாங்க சார்.

– அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேக்கணும். உங்க பேரு சொல்லுங்கம்மா.

– ஜோசஃபின்.

– இந்தப் பொண்ணு எப்படி? ஏதாவது ப்ராப்ளம்?

– ஒண்ணும் இல்ல சார். அமைதியான பொண்ணு. வம்புக்குப் போகாது. நல்லது கெட்டதுக்கும் வராது.

– எஷ்டு வருஷமா தெரியும்?

– மூணு வருஷம் சார்.

– நீ சொல்லாதம்மா. அவங்க சொல்லணும்.

– இந்த வீட்ல இருந்தது எங்க அக்கா, சார். அவங்க அடக்கத்துக்கு வந்தவ அப்படியே தங்கிட்டேன், நாலு மாசம் ஆச்சு. இந்தப் பொண்ணை இன்னிக்குத்தான் பாக்கறேன்.