ரெண்டு மடக்கு நாற்காலி

...போட்டோ எடுங்க தம்பி, எடுங்க, கிட்டப் போயே எடுங்க. மத்தியானத்துலேருந்து இந்தப் புரூம் ஊரே வந்து எடுத்துட்டுப் போயிருக்கு, நீங்க மட்டும் என்ன பாவம் செஞ்சீங்க. ஒட்டகச் சவாரி போனவங்ககூட ஒட்டகத்த நிப்பாட்டி எடுத்தாங்க. ஆமா, என் வண்டிதான். கூரை மேல கடல்பாசி தொங்குதே, அதேதான். காலையில வெள்ளையா இருந்துச்சு.

உக்காருங்க. அந்த நாற்காலி சும்மாதான் கெடக்கு. என் வீட்டுக்காரி சிப்ஸ் வாங்கப் போயிருக்கா. டிராக்டர்காரன் தண்ணி நல்லா வடிஞ்சப்புறம்தான் வருவானாம். இந்த மாதிரி வண்டி இழுக்கறதுக்குன்னே பொறந்தவன். அவனுக்கென்ன, ராஜா.

எல்லாம் நோலீனாலதான். அதான், வீட்டுக்காரி. ஆற அமர... இந்த ஒரு வார்த்தைதான் தம்பி எங்களக் கவுத்துச்சு. "ஒரே ஒரு நாள் மெர்வ், ஆற அமர ஊரச் சுத்திப் பாப்போம்." மெர்வ்னா நான்தான், கோதுமை போடற ஆளு. முக்கின்புடின் பக்கம், இங்கேருந்து மூணு நாள் வண்டியோட்டணும். வெதைப்பு முடிஞ்சா ஆட்டுக்கு ரோமம் வெட்டணும், அது முடிஞ்சா வேலி, வேலி முடிஞ்சா அறுவடை. இதுல ஆறுறது எங்க, அமர்றது எங்க?

காலையில இருட்டோட எழுப்பிவிட்டா. தண்ணி உள்வாங்கற நேரத்துல பாறையில டைனோசர் கால்தடம் தெரியுமாம். போய்ப் பாத்தோம். மூணு வெரல், ஒரு பள்ளம், அவ்வளவுதான். பாத்தாச்சுல்ல, கெளம்புன்னேன். "இது எத்தனையோ கோடி வருஷமா இங்கயே இருக்கு, நீ அஞ்சு நிமிஷம் நிக்கமாட்டியா"ங்கறா. நின்னதாலதான் செத்துச்சுன்னேன். அவ சிரிக்கல.

அப்புறம் முத்துக்கடை. சிப்பி ரெண்டு வருஷம் தண்ணிக்குள்ள சும்மா கெடந்துதான் முத்து செய்யுதாம், கடைப்பொண்ணு சொல்லுது. உடனே நோலீன் என்னத் திரும்பிப் பாக்கறா. என்ன எதுக்குப் பாக்கணும்? அப்புறம் முத்துக்குளிக்கப் போய்ச் செத்த ஜப்பான்காரங்க கல்லறை. அவ ஒவ்வொரு கல்லா நின்னு நின்னு பாக்கறா. நான் என்ன பண்றது... கல்லுக்கு நடுவுல புல்லு மண்டிக் கெடந்துச்சு, புடுங்கிட்டேன். சுத்திப் பாக்க வந்த ஒரு அம்மா என்னத் தோட்டக்காரன்னு நெனச்சு, கக்கூஸ் எங்கன்னு கேட்டாங்க. வழி சொல்லி அனுப்பினேன்.

ஏன் இப்படிப் பறக்கறேன்னு கேக்கறீங்களா? நிக்கக்கூடாது தம்பி. நின்னா என் கத முடிஞ்சுது.

அவ கடலோரத்துப் பொண்ணு. ஜெரால்ட்டன். அவங்கப்பா மீன்பிடிப் படகு வச்சிருந்தாரு. என்னக் கட்டிக்கிட்டு வந்த நாளா, கடல் பக்கமாப் போயிரலாம்பா. அடுத்த வருஷம்பேன் நான். மழை பேஞ்சா, வெளையிற நிலத்த எப்படி விட்டுட்டுப் போறதும்பேன். மழை பொய்ச்சா, இப்ப வித்தா எவன் வாங்குவாம்பேன். இப்படியே அவளுக்கு முட்டி போச்சு, எனக்கு இடுப்பு போச்சு. போன கிறிஸ்துமஸ் அன்னிக்கு, மக, மருமகன் எல்லாரும் சாப்பாட்டுல இருக்கறப்ப மறுபடி ஆரம்பிச்சா. நான் எகத்தாளமாச் சொன்னேன், "ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போ. ஒரே எடத்துல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து நான் கடலப் பாத்துட்டேன்னா, நிலத்த வித்துட்டு உன்கூட வந்துடறேன்"னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ மட்டும் சரின்னா. மறுவாரம் போய் ரெண்டு மடக்கு நாற்காலி வாங்கிட்டு வந்தா.

நோகாம ஜெயிக்கற பந்தயம். பகல் பூரா அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும், வீடு போய்ச் சேந்துரலாம். அப்படி நெனச்சுத்தான் இந்தக் கடற்கரையில வண்டிய எறக்கினேன். எறக்காதன்னு சொன்னா, இல்லேங்கல. விடிய உள்வாங்கின தண்ணி மத்தியானத்துக்குள்ள ஏறும்னா. மணல்ல புதையாம இருக்க டயர்ல காத்தையாவது எறக்குன்னா. எறக்கினா திரும்ப அடிக்கணும், யாரு அதுக்கு உக்காந்திருக்கறது? எங்க ஊர்ல உப்பு ஏரி இருக்கு தம்பி, மேல வெள்ளையா ஏடு கட்டியிருக்கும். சின்ன வயசுலேருந்து அதுல ஓட்டறவன் நான். நிக்காம ஓட்டினா ஒண்ணும் ஆகாது. ஒரே ஓட்டமா ஓட்டி, கடலப் பாத்தாச்சு, கெளம்புன்னு சொல்லிரலாம்னு பாத்தேன்.

எதுக்கு நின்னேனா? அது... நல்ல கயிறு ஒண்ணு ஒதுங்கிக் கெடந்துச்சு. கப்பல் கயிறு. இந்தா, காலடியில கெடக்கே, இதுதான். இத எப்படி விட்டுட்டுப் போறது? எறங்கி எடுத்துட்டு வர்றதுக்குள்ள வண்டி அச்சு வரைக்கும் மணல்ல எறங்கிருச்சு.

கையால தோண்டறேன். தண்ணி முட்டிக்கு வந்துருச்சு. டூல் பெட்டிய எடு, டூல் பெட்டிய எடுன்னு கத்தறேன். அவ என்ன எடுத்தா தெரியுமா? இந்த ரெண்டு நாற்காலிய. நிதானமா எடுத்துட்டுக் கரையேறி, விரிச்சுப் போட்டு, உக்காந்து, "வா மெர்வ்"ங்கறா.

வேற என்ன செய்யச் சொல்றீங்க? உக்காந்தேன். சக்கரம் போச்சு. கண்ணாடி போச்சு. கூரையும் போச்சு. அப்புறம் வெறும் தண்ணிதான். கொஞ்ச நேரம் திட்டிக்கிட்டிருந்தேன், அப்புறம் எப்ப நிறுத்தினேன்னு எனக்கே தெரியல. தண்ணி ஒரு பச்சை... வெயில் ஏற ஏற வேற பச்சை... வெளஞ்ச கோதுமையில காத்து அடிச்சா ஓடுமே, அந்த மாதிரி ஓடுது. அப்ப உக்காந்தவன்தான் தம்பி, எந்திரிக்கவே இல்ல, இங்கயேதான், இந்தக் கடலத்தான்...

என்ன? ஏன் சிரிக்கறீங்க?

இருங்க.

இல்ல, அது செல்லாது. நான் வண்டியப் பாத்துக்கிட்டிருந்தேன். வண்டியப் பாக்கறது வேற, கடலப் பாக்கறது வேற. வண்டி தெரியற வரைக்கும் வண்டியத்தான் பாத்தேன். அது முழுகினப்புறம்...

முழுகினப்புறம் எதப் பாத்தேன்?

அவளப் பாருங்க, அப்பவே சொன்னேனேன்னு ஒரு தடவகூடச் சொல்லல. கைக்கடிகாரத்த மட்டும் ஒரு தரம் பாத்தா. பசிக்குதாக்கும்னு நெனச்சேன்.

ஒண்ணு சொல்றேன், அவகிட்டச் சொல்லிராதீங்க. சும்மா உக்காந்தா எனக்குப் பயம். எங்கப்பா ஒரு அறுவடை முடிஞ்ச கையோட வராந்தாவுல போய் உக்காந்தாரு, அப்புறம் எந்திரிக்கல. அதுலேருந்து நான் எங்கயும் உக்காரறதில்ல, சோறு திங்கறதுகூடப் பாதி நேரம் நின்னுக்கிட்டுத்தான். இன்னிக்கு அந்தப் பயம் வரல தம்பி. வண்டியே போயிருச்சு, அப்பவும் வரல.

அந்தா, டிராக்டர் சத்தம். வந்துட்டான், கையக் காட்டறான். அவளும் வர்றா பாருங்க... ரெண்டு பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு, அந்த முட்டிய வச்சுக்கிட்டு மணல்ல எப்படி நடக்கறா பாருங்க.

தம்பி, ஒரு உதவி. அந்த டிராக்டர்காரன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்லையாம், பொழுது எறங்கட்டுமாம்னு.

போங்க தம்பி, எந்திரிங்க. அது அவ நாற்காலி.