பென்னலூர்க் கம்பமும் என் தம்பி பாபுவும்

விழாவுக்குத் தலைமையேற்று வேர்க்க வேர்க்க வீற்றிருக்கும் இவ்வளாகத்தின் உரிமையாளர் சுப்பராயன் ஐயா அவர்களே, முன்வரிசையை முழுதும் பிடித்துக்கொண்ட பென்னலூர்ப் பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்த தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து சீருடை மாற்றாமலே ஓடிவந்த தம்பி தங்கைகளே, நம் எல்லோர் தலைக்கும் மேலே தனித்து நின்று வானம் பார்க்கும் நெட்டலை வானொலிக் கம்பமே, உன்னையும் சேர்த்தே விளித்து இந்த எழிலரசி பேசத் தொடங்குகிறேன்.

சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் விடுதி நடத்துகிறவளுக்கு மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அங்கே யாரோ "நீ பேசுக்கா" என்கிறார்கள். சோறு வடிக்கும்போதே வாய் ஓயாதவள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டீர்கள், இனி நானா விடுவேன்?

இந்தக் கூடத்துக்குள் இருப்பது என்ன? காயலான் கடைக்குப் போக வேண்டிய கனத்த இரும்பா? இல்லை, தாய்மார்களே. மாலை மங்கும் வேளையில் வங்கக் கடலில் போகும் கப்பல்களுக்கெல்லாம் காற்றும் மழையும் கணித்துச் சொன்ன ஒலிபரப்பி அது. சிற்றலை வானில் முட்டித் திரும்பும். நெட்டலை அப்படியா? மண்ணைத் தழுவிப் போகும், மணலைத் தழுவிப் போகும், கரை முடிந்தால் கடலையும் தழுவிப் போகும். நம்மூர்க் கம்பத்தில் கிளம்பிய சத்தத்தை நடுக்கடலில் ஒருவன் காதில் மாட்டிக் கேட்பான். அப்படிக் கேட்டவர்களில் ஒருவன் என் தம்பி பாபு.

சரக்குக் கப்பலில் வானொலி அறையில் அவனுக்கு வேலை. விடுமுறையில் வந்தால் வாசலில் நின்று இந்தக் கம்பத்தைத்தான் முதலில் பார்ப்பான். "அக்கா, அந்தாண்ட நடுக்கடல்ல கூட நம்மூரு சத்தம் கேக்குது. வூட்டாண்ட நிக்கிற மாதிரியே கீது" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். இன்று அந்தச் சொல்லை நினைத்தால் சிரிப்பா வருகிறது?

தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டு வந்தார்கள். கொடுக்காதே என்றான் பாபு. கொடுப்பேன் என்றார் அப்பா. வார்த்தை தடித்தது. "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிக் கப்பலேறினான். கோபம் ஆறினால் வருவான் என்று காத்திருந்தோம். கடிதம் இல்லை, தகவல் இல்லை. பிறகு அப்பாவும் இல்லை. கப்பல்களுக்குப் புதுக் கருவிகள் வந்ததும் இந்த நிலையமும் மூடிக்கொண்டது. அன்று ஊரே வேடிக்கை பார்த்தது, நான் மட்டும் அழுதேன்.

அதற்கு உயிர் கொடுத்தது யார்? தெற்கேயிருந்து பிழைக்க வந்த என் விடுதிப் பிள்ளைகளும் அவர்களோடு வேலை செய்யும் பையன்களும் கொடுத்தார்கள். விடுமுறை நாளில் உறங்க வேண்டியவர்கள் இங்கே வந்து துரு சுரண்டினார்கள். ஆண்டுக்கு ஒருநாள், உரிய அனுமதியோடு, யாரேனும் ஒருவரின் செய்தியை மோர்ஸ் குறியில் அனுப்புகிறார்கள். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் கேட்டுவிட்டு, கேட்டேன் என்று தகவல் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக ஓராண்டு உழைக்கிறார்கள், என்ன பிள்ளைகளோ.

போன ஆண்டு என் முறை. என் செய்தி போனதா? போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை மாரிராஜைக் கேளுங்கள். அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளியாதே, முன்னே வா ராஜா. தொழிற்சாலை லைனில் ஒரு தூசி விழுந்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற கை அது. விழாவுக்கு முதல்நாள் இந்தப் பழைய கம்பிச்சுருளையும் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டது. அந்தக் காலத்துக் கம்பிக்குக் காப்பு அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு நிற்குமா? சுவிட்சைப் போட்டதும் படபடவென்று பொறி பறந்தது, அத்தோடு எல்லாம் அடங்கியது. "லைன்ல தொடைக்கிற மாதிரிதாம்க்கா தொடச்சேன்" என்று நின்றான். அடிக்கவா முடியும்? சிரியுங்கள், சிரியுங்கள், அவனும் சிரிக்கிறான். என் விடுதிப் பிள்ளை சந்தனமாரிதான் என் கையைப் பிடித்து, "அரக்கு போனா மறுபடி பூசிக்கிடலாம்க்கா, எதுக்குக் கலங்குதிய?" என்றாள். பூசினார்கள். இன்று ஒலிபரப்பி தயாராக நிற்கிறது.

தயாராக நிற்கும் நேரத்தில்தான் தலைவர் ஐயாவிடமிருந்து தகவல் வந்தது. லாரி நிறுத்த இடம் போதவில்லையாம், கம்பத்தை இறக்கப் போகிறாராம். ஒலிபரப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசலில் அழகு பார்க்கப் போகிறாராம். ஐயா, உங்கள் நல்ல மனம் எனக்குத் தெரியும். எடைக்குப் போட்டிருக்கலாம், போடவில்லை. ஆனால் பேசப் பிறந்ததைப் பெட்டியில் பூட்டினால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

நான் சொல்லப்போவது ஒன்றுதான். எங்கள் வீடு இருந்த இடம் இன்று உங்கள் லாரிகள் திரும்பும் இடம். எங்கள் தெரு இல்லை, தெருமுனைக் கிணறு இல்லை. நாளை என் தம்பி நரைத்த தலையோடு நெடுஞ்சாலையில் இறங்கினால் எதைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வான்? யாரைக் கேட்பான்? இந்தக் கம்பம் ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த மிச்சம். அவன் இருக்கிறானா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. இருந்தால் எங்காவது காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பழக்கம் விடாது. அவனைப் பார்க்க வேண்டும் ஐயா. ஆசை அவ்வளவுதான். கம்பம் விழுந்தால் இன்று நான் அனுப்பும் செய்தி பொய்யாகிவிடும்.

தலைவர் ஏதோ சொல்கிறார். "மொதல்ல நீ அனுப்பும்மா. கம்பத்தப் பத்தி அப்பால பேசிக்கலாம்" என்கிறார். அந்த 'அப்பால' எனக்குப் போதாது ஐயா. இருந்தாலும் இன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் செய்தி அனுப்பியதும் நிலையத்தார் ஒலிபரப்பியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார்களாம். எங்கிருந்தாவது பதில் வரும் என்று. கேட்பு வேளை என்பார்கள். அதை நாங்கள் விடவில்லை. நெட்டலைக்குப் பகை எது தெரியுமா? நம் பிள்ளைகள் லைனில் நின்று செய்கிற சார்ஜரும் செல்பேசியும்தான். அவற்றின் இரைச்சலில் பதில் மூழ்கிவிடும். ஆகவே அந்த வேளையில் பென்னலூரே விளக்கணைக்கிறது, மோட்டாரை நிறுத்துகிறது. நீங்களும் உங்கள் செல்பேசியை அணையுங்கள். அதோ, நம் தலைவர் தம்முடையதை முதலில் அணைக்கிறார். நல்லது ஐயா, மனம் குளிர்ந்தது.

கைதட்ட வேண்டாம். வந்தவர்களுக்கும், வாழ்த்தியவர்களுக்கும், அரக்குப் பூசியவர்களுக்கும், அதைத் துடைத்த கைக்கும் நன்றி. என் வணக்கம் மட்டும் இந்த ஒலிபெருக்கியில் இல்லை, கம்பத்தின் வழியே போகட்டும். சந்தனமாரி, அனுப்பு தாயி. நான் சொல்லச் சொல்ல அனுப்பு.

பாபு, வணக்கம். வூட்டத் தேடாத. கம்பத்தப் பாத்து வா. அக்கா கீழதான் கீறேன்.