மாமனாரின் வெள்ளைக் கோட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஜெர்சி சிட்டியில் ஒரே ஒரு தையல் மெஷினோடு தொடங்கினேன். இன்று மூன்று கடைகளும் சொந்தக் கட்டடமும் இருக்கின்றன. நேற்று ரயிலில் என் எதிரே இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவன் மடியில், போன வாரம் நான் பிரித்துத் தைத்த வெள்ளைக் கோட்டு. மார்பில் வண்ண ரிப்பன் வரிசை.

“நேவி யூனிஃபார்மாடா?”

“என் வருங்கால மாமனாரோடது. தாய்லாந்துல தாலுகா ஆபீஸ் கிளார்க்கா இருந்தவரு. அங்க கவர்மென்ட் ஆளுங்களுக்கும் விசேஷத்துக்கு இந்த வெள்ளை யூனிஃபார்ம்தான்.”

“கிளார்க்குக்கா இவ்ளோ மெடல்?”

“அங்க சர்வீஸ் ஏற ஏற குடுப்பாங்க. எங்கப்பாவும் கிளார்க்தான், ரிட்டயர் ஆனப்ப ஒரு சால்வை.”

“கல்யாணத்துக்கு இதையா போடுறாரு?”

“இது பத்தலன்னா வரவே மாட்டேன்னுட்டாரு. தொப்பை போட்டுடுச்சு. இப்ப ஃபிட் ஆயிடுச்சு.”

“பிரிச்ச இடமே தெரியல. யார் பண்ணது?”

“அவரு பொண்ணுதான் ஏதோ ஒரு கடையில குடுத்தா.”

இறங்கும்வரை அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். கல்யாணத்தில் அந்த ரிப்பன்களைப் பற்றி யார் கேட்டாலும், அவரை அந்தக் கோட்டுக்குள் நிற்க வைத்தவன் நான் என்று என் பெயரையும் சொல்லியாக வேண்டும்.